புகார் ஏதும் இல்லை

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிதத்தை மூக்குக்கு நேரே பிடித்து, கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறார் கண்காணிப்பாளர் அம்மா. "முதல் பக்கம் பூரா உலகம் கெட்டுப்போச்சுன்னு இருக்கும். என்ன பண்ணணும்னு கடைசியிலதான் எழுதுவாங்க." படித்த கடிதம் மூன்று நாற்காலிகளில் ஒன்றில் போய் விழுகிறது.

இணையத்தில் குழந்தைகளைக் காக்க என்ன வழி என்று அரசு கருத்துக் கேட்டிருக்கிறது. வயதைச் சரிபார்த்த பிறகே கணக்குத் திறக்க விட வேண்டும் என்பவர்களுக்கு ஜன்னலோர நாற்காலி. நிறுவனங்களைப் பொறுப்பாக்கச் சொல்பவர்களுக்கு நடு நாற்காலி. பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்பவர்களுக்குக் கதவோரம். எதிலும் சேராதவை தரையில். பார்க்க வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை. "மக்கள் கருத்து உக்காந்திருக்கு, நீங்க நில்லுங்க" என்பார், சிரிக்காமல்.

இத்தனையையும் நான்கு பக்கக் குறிப்பாக்கி அரசுக் குழுவின் முன் வைக்க வேண்டும். அதில் தன் சொந்தச் சரக்கையும் ஒரு பத்தி சேர்த்திருந்தார்: தப்பு செய்தால் கைபேசியைப் பறித்துவைக்கும் பள்ளிகளிலிருந்து குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார் ஏதும் வரவில்லை, எனவே இம்முறை பலனளிக்கிறது. இருபத்திரண்டு வருடக் கோப்பு அனுபவம். புகார் இல்லையென்றால் கோப்பை மூடிவிடலாம். வீட்டிலும் அதே சட்டம்தான். பதின்மூன்று வயது மகள் ஒரு தப்பு செய்தால், ஒரு மாதம் போன் பீரோவுக்குள்.

போன செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது பெருமை பிடிபடவில்லை அவருக்கு. "நாலு நாளா பொண்ணு போனைத் தொடவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லலை. அது பாட்டுக்கு மேசை மேல கிடக்கு."

தட்டச்சு செய்கிற பெண்ணுக்கும் இரண்டு மகள்கள். கை நின்றது. "ஏன் தொடலைன்னு கேட்டீங்களாக்கா?"

"தொட்டா கேக்கலாம். தொடாததுக்கு என்னத்தைக் கேக்குறது?"

"எனக்குன்னா பயமா இருந்திருக்கும்."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்லை" என்று வாயை அடைத்தார். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு கடிதங்களை நாற்காலி மாற்றிப் போட்டார். அவர் வாழ்நாளில் அப்படிப் போட்டதில்லை. சீக்கிரம் போக அனுமதி எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் போன் அதிர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு?"

"யாரும் இல்ல."

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அலுவலகக் குரல் எங்கோ போயிருந்தது. "எனக்குப் பயமா இருக்குடி. சொல்லு."

"சொன்னா போனைப் புடுங்கிப்ப."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. போன் விளையாட்டில் பழக்கமான ஆள். பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பெண் என்று சொல்லிக்கொண்டது. "பொண்ணே இல்லம்மா." சாதாரணப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். இப்போது வேறு மாதிரிப் படம் கேட்கிறான். அனுப்பாவிட்டால், வகுப்புத் தோழிகளைப் பற்றி இவள் அவனுக்கு எழுதியதையெல்லாம் அவர்களுக்கே அனுப்பிவிடுவானாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வெள்ளிக்கிழமை சொல்லலாம்னுதான் வந்தேன். நீ யாருகிட்டயோ போன்ல, பறிச்சு வச்சா புகாரே வராதுன்னு சொல்லிட்டிருந்த."

 அம்மாவுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து எல்லாச் செய்திகளையும் படித்தார்கள். மகள் அழிக்கப் போனாள். "அழிக்காதே, ஆதாரம்" என்று தடுத்து, அத்தனையையும் படமெடுத்து வைத்துக்கொண்டார். தன் குறிப்பில் எண்ணை மட்டுமே எழுதியிருந்த உதவி மையத்தை முதல்முறையாக அழைத்தார்.

"புகார் கொடுக்கிறது யாருங்க?"

"என் பொண்ணு. நான் பக்கத்துல இருக்கேன்."

மகள்தான் பேசினாள். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. அந்த ஆளிடமிருந்து செய்தி வராமல் எப்படித் தடுத்துவைப்பது என்று அவர்கள் சொல்லச் சொல்லச் செய்தாள். பேசி முடித்ததும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கேட்காமலே போனை அணைத்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கினார். மீண்டும் உயிர்ப்பித்தார். ஈரமாயிருந்த திரையைத் தன் உள்ளங்கையால் துடைத்து, மகளின் கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.