கம்பில் வராத பூ

கட்டாரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் சொக்லேட்டும் சவர்க்காரமும் சென்ட் போத்தலும் இருக்கும். என் கணவரின் பெட்டியில் அவை பேருக்குத்தான் இருந்தன. மிச்சமெல்லாம் விதை. கடித உறைகளில், மாத்திரைப் போத்தல்களில், ஒரு காலுறைக்குள்கூட. ஒன்பது வருடம் அந்த நாட்டு வீதியோரப் பாத்திகளுக்கு நாற்றுப் போட்டவர் அவர். எந்த வெயிலுக்கும் பூக்கிற செடிகளைத்தான் அங்கே நடுவார்களாம்: சீனியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ.

"அங்கத்த மணல்ல பூக்கிறது நம்மட நாவற்குடா மணல்ல பூக்காதா? இனி நான் போகமாட்டன் புள்ள. உன்ட வளவிலேயே கண்டு போட்டு விப்பம்" என்றார்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? மகள் பிறந்ததை அவர் கைபேசியில் பார்த்தார். அவள் நடந்ததையும் அதில்தான். கன்று விற்றால் மனுஷன் வீட்டில் இருப்பார், விற்காவிட்டால் திரும்பவும் விமானம். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மாசி கடைசியில் மழை ஓய்ந்ததும் தொடங்கினோம். தேங்காய்த் தும்புத்தூளும் மணலும் கலந்து, ஊரெல்லாம் பொறுக்கிய யோகட் கோப்பைகளில் நிரப்பினோம். சீனியா நாலாம் நாள் முளைத்தது. கோழிக்கொண்டை விதை கறுப்பாக மின்னும், கடுகிலும் சிறிது. அதை மூடக்கூடாது, மேலே தூவினால் போதும் என்றார். ஒரு கோப்பையில் நாலு முளைத்தால் மூன்றைப் பிடுங்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. பிடுங்கியவற்றை அவர் காணாமல் கிணற்றடியில் நட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் அழுகின.

"பிள்ளைக்குச் சோறு தீத்துற மாதிரித் தண்ணி ஊத்தாத. காயவிடு. காஞ்சாத்தான் வேர் கீழ போகும்" என்று சிரித்தார். அப்போது சிரிக்கக்கூடியவராக இருந்தார்.

கச்சான் காற்று அனலாக அடித்து, ஊர்ப் புல்லெல்லாம் பொசுங்கிக் கிடந்த நாட்களில் எங்கள் வேலியோரம் மட்டும் கல்யாண வீடு போல இருந்தது. போகிறவர்கள் மோட்டார்சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "ஒரு கம்பு ஒடிச்சித் தாறீங்களா?"

எங்கள் பக்கத்தில் பூமரம் அப்படித்தான் பரவும். செவ்வரத்தையும் குரோட்டனும் கம்பாக ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போகும். அதற்குக் காசு கேட்பது மரியாதை கெட்ட வேலை. என் முற்றத்து மரங்களும் அப்படி வந்தவைதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு ரீச்சர் அக்கா வந்தார்.

"இது கம்பில வராது அக்கா, விதைதான். இஞ்ச கண்டு கிடக்கு" என்றார் கணவர்.

"எத்தின வருசம் நிக்கும்?"

"நாலு மாசம் நல்லாப் பூக்கும்."

"மறுகா?"

"மறுகா பட்டுப்போகும்."

"பட்டுப்போறதுக்கா தம்பி காசு கேக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கனகாலம் நிக்கும் எண்டு சொன்னா வாய் வெந்துபோகுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். பொய் சொல்லி விற்க ஏலாது என்றார். கட்டாரில் வாடுமுன்பே பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது நடுவார்களாம், மறுகா என்ன என்று ஒருவரும் கேட்பதில்லையாம்.

பத்துமணிப்பூ மட்டும் கம்பில் வரும். அது போன வேகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒழுங்கை முழுவதும் பத்துமணிப்பூ பூத்தது, எங்கள் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். மற்றக் கன்றுகள் விற்காமல் கோப்பையிலேயே முற்றி, வேர் சுருண்டு மஞ்சளாகின. மணவறை சோடிப்பவர் ஒருவரிடம் பூவையாவது எடுக்கச் சொல்லிக் கேட்டோம். பிளாஸ்டிக் பூவென்றால் கழுவித் திரும்ப வைக்கலாம் என்று அவர் நியாயம் சொன்னார்.

ஆவணியில், கட்டாரில் இவரை வேலை வாங்கிய பழைய போர்மன் அடிக்கடி அழைக்கத் தொடங்கினார். இவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்ப் பேசுவார். என்ன கதை என்று நான் கேட்பதில்லை.

ஒரு பின்னேரம் சீனியா விதையைத் திரும்பவும் மண் நிரப்பிய ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய முதுகைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்:

"நீங்க போங்க. நான் பிள்ளையப் பார்த்துக்கொள்ளுவன்."

உண்மையைச் சொல்கிறேன், போகமாட்டேன் என்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு சண்டையாவது பிடிப்பார் என்று.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கட்டாருக்குப் போற மெடிக்கல் போன கிழமையே எடுத்திட்டன் புள்ள."

போன கிழமை தும்புத்தூள் வாங்கவென்றுதான் டவுனுக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார், கடை பூட்டு என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அப்ப நேத்து என்னத்துக்கு விதை போட்டீங்க?"

"நீ பார்த்துக்கொண்டு நிண்டாய்" என்றார். "அதுதான்."

நாலாம் நாள் அந்தத் தட்டில் முளை வந்திருந்தது. இரண்டு பேரும் கண்டோம். தண்ணீர் தெளிக்க ஒருவரும் எழும்பவில்லை.