தேக்கில் எட்டுப் பொய் வரிகள்

1953 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்திருந்தவர்கள் கொல்லையில், சித்திரையில் வெட்டிய தேக்கின் அடிக்கட்டையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

அம்மாதான் அவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தாள். "இவ பொறந்த பதினாறாம் நாள் இவ அப்பா நட்ட மரம். பிள்ளைக்கும் மரத்துக்கும் ஒரே வயசு. கல்யாணக் கட்டிலுக்குன்னே வெட்டினோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமா மரக்கடை வைத்திருப்பவர். குனிந்து, கட்டைவிரல் நகத்தால் ஆண்டு வளையங்களை வரிவரியாகத் தடவினார். உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னிய?"

"பத்தொம்பது."

"மரத்துக்கு இருபத்தேழுல்லா ஆவுது!"

அம்மா சிரிக்க முயன்றாள். "ஜாதகம் உள்ள இருக்கு. எடுத்துட்டு வரட்டா?"

"ஜாதக ஓலை மனுசன் எழுதுனது, எப்படியும் எழுதலாம். மரம் பொய் சொல்லாது பாத்துக்கிடுங்க."

காப்பியை யாரும் தொடவில்லை. நான்கு மணிக்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள். மரத்தை நட்ட நாளுக்கு அம்மாவின் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை. நானும் எண்ணினேன். இருபத்தேழு. மறுபடி எண்ணினேன். அதே இருபத்தேழு. எண்களை நம்பிப் பழகியவள் நான்; கல்லூரியில் எழுதும் தமிழ்க் கட்டுரையில் மேற்கோள் பாடலின் எண் ஒன்று தவறினாலும் தூக்கம் வராது. இப்போது என் வயதே எனக்குத் தெரியாமல் போயிற்று. அடுக்களையில் அம்மா தொடப்படாத டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது. அவளிடம் கேட்கவும் முடியவில்லை. கேட்காமல் ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மறுநாள் திருவனந்தபுரத்தில் கல்லூரி திறக்கிறது. இந்தச் சம்பந்தம் முடிவானால் ஆவணியில் கல்யாணம். கடைசி ஆண்டுப் படிப்பு கிடையாது. மரம் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் நான் பேருந்து ஏறலாம். ஆனால் அம்மா ஊரில் பொய்க்காரி ஆவாள்.

இரவெல்லாம் மழை. விடியுமுன் ஒரு நினைவு வந்தது. விடுதியில் என் அறையில் இருந்த தாவரவியல் மாணவி, தேக்கில் ஓர் ஆண்டின் வளர்ச்சி ஊசித்துளை போன்ற சிறு துளைகளின் வரிசையோடு தொடங்கும் என்றும், இடையில் வறட்சி வந்தால் துளையில்லாத பொய் வரி ஒன்று விழும் என்றும் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் மாமா கடைக்கு மரம் வருவது ஒரே மழைக்காலம் உள்ள வடக்கேயிருந்து. எங்கள் ஊரில் ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. வயல் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு முறை விளைகிறது. நடுவில் வெயில் நீண்டு காயும் ஆண்டில், மரமும் ஒரு முறை நின்று மறுபடி வளர்ந்திருக்காதா?

வெளிச்சம் வந்ததும் கொல்லைக்குப் போனேன். மழை கட்டையைக் கழுவி வைத்திருந்தது. ஒவ்வொரு வரியையும் விரலால் முழுவட்டம் தொடர்ந்தேன். சில வரிகளில் துளை வரிசை இல்லை. பாதி வட்டத்திலேயே கரைந்து மறைந்தன. அப்படிப்பட்ட வரி ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தினேன். எட்டு ஊசிகள். மிச்சம் பத்தொன்பது.

அம்மா சொன்னது உண்மைதான். உடனே இன்னொரு கலக்கமும் வந்தது. இதைச் சொன்னால் அவர்கள் திரும்பி வருவார்கள்.

அம்மாவை அழைத்துக் காட்டினேன். அவள் ஊசிகளை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

"ஆமாம்மா."

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னைக்கே அவுங்களுக்குச் சொல்லி அனுப்பப் போறேன். அந்த மாமா வந்து இதே நகத்தால எண்ணிப் பாக்கட்டும். ஆனா மக்கா, வந்தா சம்பந்தமும் கூட வருமே. உனக்குச் சம்மதம்தானா?"

"சொல்லி அனுப்புங்க. மரத்தையும் காட்டுங்க. கல்யாணம் பேச, நான் கடைசி வருசப் பரீட்சை எழுதின பிறகு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா, வர வேண்டாம்."

அவ்வளவு நீளமாக அவளிடம் நான் பேசியதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டையைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா?" என்றாள்.

குளித்தேன். பெட்டியில் புத்தகங்களை அடுக்கினேன். குண்டூசிகளை எடுக்காமல், ஈரம் படாதிருக்கக் கட்டையை ஒரு சாக்கால் மூடிவிட்டு, ஏழரை மணிப் பேருந்தில் ஏறினேன்.