அக்கா வரைந்த ஸ்டூல்கள்

எங்கள் அக்கா மங்கலத்தில், விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த வீட்டில் பிறந்தார். குடும்பத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான் ஒருவன் என்பதால் இந்த அஞ்சலிக் கட்டுரை என் பங்குக்கு வந்தது. நான் எழுதுவது நகைச்சுவை. அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இன்னும் எதுவும் உறைக்கவில்லை.

அப்பா காலமானதும் அக்கா படிப்பை விட்டுவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வரையச் சேர்ந்தார். வேலை நாட்களில் வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டைக்குக் கரடியும் வாத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தமக்காக வரைவார். ஓவியம் சமூகத்தை மாற்றுமா என்று, நாலு புத்தகம் படித்த திமிரில் ஒருமுறை கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது கண்ணு. இருக்கறதுக்குப் போட்டோ இருக்குது. இல்லாதத வரைஞ்சு வெச்சா, எங்க அதுன்னு எவனாச்சும் கேப்பான்."

அந்தக் கம்பெனியில் செக்கிங் பெண்கள் நாள் முழுக்க நின்றபடிதான் துணியில் ஓட்டை தேடுவார்கள். அக்கா அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்தார். படம் பிடித்துப்போய், முதலாளி வரவேற்பறையில் மாட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம கம்பெனீல ஸ்டூலே இல்லீங்களே?"

"இல்லீங்க" என்றார் அக்கா.

ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதியைக் காட்டுங்கள் என்றார். அவர் இளநீர் குடித்து முடிப்பதற்குள் டெம்போவில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. அவர் போனதும் திருப்பி எடுக்க ஆள் வந்தது. பெண்கள் எழுந்திருக்கவில்லை. போராட்டம் அவ்வளவுதான்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக்கு வரும் செக்கிங் செல்வியிடம் அக்கா கேட்டதெல்லாம் ஒன்றே. "ஸ்டூல் இருக்குதா?"

"இருக்குக்கா. வுட்ருவமா?" செல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம்.

அக்காவை எடுத்த அன்று நாற்காலி போதவில்லை. முதலாளி அந்த ஸ்டூல்களையே அனுப்பிவைத்தார். சாயங்காலம் டிரைவர் வந்து, "காரியம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு முதலாளி சொன்னாருங்க" என்றார்.

"நாளைக்கு எங்களுக்கு ஷிப்டுல்லா?" என்றார் செல்வி. பெண்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நான் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எந்திரிங்கண்ணே, இது என் ஸ்டூலு."

எழுந்துகொண்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், உடனிருந்த உறவினர்களுக்கும், ஸ்டூல் அனுப்பிய முதலாளிக்கும், அவற்றை அன்றே திருப்பி எடுத்துப்போன பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.