கம்புக்குள் பழுத்த ஆப்பிள்

பெருவிரலால் அழுத்தினால் தோல் லேசாகக் குழிந்து, விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நிற்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் ஈர மாவும் வெல்லமும் கலந்ததுபோல ஒரு வாசனை வர வேண்டும். அதுதான் தின்பதற்குப் பக்குவமான ஆப்பிள் என்று பதின்மூன்று வயதுவரை நம்பியிருந்தேன். என் நாக்கு இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறது. கோவில்பட்டி மார்க்கெட்டில் பழக்கடைக்காரர் நான் வருவதைப் பார்த்ததுமே, "அக்கா, அமுக்காதீய, கன்னிப்போகும்" என்று சொல்லிவிடுகிறார். கன்னிப்போனதைத்தான் நான் தேடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் இடைசெவலுக்குக் கொஞ்சம் தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. வெள்ளரிப்பிஞ்சு, சீத்தா, இலந்தை எல்லாம் கேட்பாரில்லாமல் கிடந்த ஊரில் ஆப்பிளுக்கு மட்டும் "ஆஸ்பத்திரிப் பழம்" என்று பெயர். யாராவது படுக்கையில் விழுந்தால்தான் அது ஊருக்குள் வரும், வந்தாலும் சீக்காளி தின்ன மாட்டார். அடுத்த தெருவில் இன்னொருவர் விழுந்தால் வெறுங்கையோடு பார்க்கப் போக முடியாதே என்று, வந்த ஆப்பிளை உறியில் எடுத்து வைத்துவிடுவார்கள். அது அங்கே போய், அங்கேயிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், நாலைந்து சீக்காளிகளை நலம் விசாரித்த பிறகுதான் யார் வாய்க்காவது எட்டும். எங்கள் அம்மா ஆப்பிளைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "இது இன்னும் ரெண்டு வீடு தாங்கும்" என்று சொன்னால் அது தப்பியதே இல்லை.

அதனால் ஆப்பிள் ரகங்களைப் பற்றி ஊருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது, அது ருசியைப் பற்றியது அல்ல. கருஞ்சிவப்பாக, நீளவாக்கில், அடியில் ஐந்து குமிழ் வைத்திருக்கும் "டெல்லி ஆப்பிள்"தான் உயர்த்தி. தோல் தடிமன், உள்ளே மாவாகிப் பழுப்பேறினாலும் வெளியே முகம் வாடாது. பச்சையும் புளிப்புமாக வரும் "கொடைக்கானல் ஆப்பிள்" மட்டம்; சீக்காளி வீட்டுக்கு அதை எடுத்துப்போனால் பேச்சு வரும். எங்கள் பங்குக்கு வருவது எப்போதும் கடைசி வீட்டு ஆப்பிள். வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இருக்காது, கரைந்துவிடும். கரைவதுதான் ஆப்பிள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த ஆவணியில் அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து, காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தும் எதுவும் அவருக்கு இறங்கவில்லை. கஞ்சித்தண்ணியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "மண்ணு மாதிரி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாய்க்குப் பிடித்ததாக எதையாவது உள்ளே இறக்காவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு சிலரோ, விஷக்காய்ச்சல் வந்த குடலில் கெட்டியாக ஏதாவது போனால் ஓட்டை விழுந்துவிடும் என்றார்கள். எனக்கு இரண்டுமே பயம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு என்று நின்றவள் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த ஒரு வாரம் பிறகு முடியவே இல்லை. அப்படியே தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போய்விட்டேன், எட்டாம் வகுப்போடு சரி.

அம்மாவின் அண்ணன் சுப்பையா மாமா லாரி ஓட்டினார். இங்கேயிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வரும்போது கிடைக்கிற லோடு. அந்தத் தடவை டெல்லியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டி நிறைய ஆப்பிள் கொண்டுவந்து இறக்கினார். வைக்கோலுக்குள் காகிதம் சுற்றி வைத்திருந்தது. எங்கள் டெல்லி ஆப்பிள் மாதிரி கருஞ்சிவப்பு இல்லை. பாதி மஞ்சள், பாதி சிவப்புக் கோடு. மரத்திலிருந்து பறித்து ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகிறது, சிம்லாச் சரக்கு, பெயர்கூட ராயல் என்று பெருமையாகச் சொன்னார். "மச்சானுக்கு இன்னைக்கே அறுத்துக் குடு, வச்சிக்கிட்டு இருக்காத" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். 'நறுக்' என்று சத்தம் கேட்டது. ஆப்பிளில் அப்படி ஒரு சத்தத்தை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. வாயில் இருந்ததைக் கையில் துப்பிப் பார்த்தாள், வெள்ளைவெளேரென்று இருந்தது. "சுத்தக் காயில்லா இது. பாவம் எங்கண்ணன், வடக்க எவனோ அவன் தலையில கெட்டிட்டான்" என்றாள். சீத்தாக்காயைப் பழுக்க வைக்கிற மாதிரி அவ்வளவு ஆப்பிளையும் கம்பு கொட்டி வைத்திருந்த குலுக்கைக்குள், ஆள் உயர மண் குதிர் அது, ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்தோம்.

பழுக்கட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தோம். அப்பாவுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மழை விழுந்தால் விதைக்க வேண்டும், விதைக்கிற ஆள் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தார். நான் காலையிலும் மத்தியானமும் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, குலுக்கையின் வாய்க்குள் கையை விட்டு, கம்புக்குள் துழாவி ஒவ்வொரு ஆப்பிளாக அழுத்திப் பார்ப்பேன். எதுவும் குழியவில்லை. நான்காம் நாள் மத்தியானம் ஒன்று லேசாகக் குழிந்த மாதிரி இருந்தது. சந்தேகம் தீராமல், அம்மா காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குலுக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கடி கடித்தேன். நறுக்கென்றது.

அப்பா அதே அறையில்தான் கண்ணை மூடிக் கிடந்தார். "ஏட்டி, என்னத்த கடிக்க?" என்றார். நான் ஆப்பிளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "வெள்ளரிப்பிஞ்சா? கொண்டா இங்க."

அவர் எதையும் தானாகக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் கடித்த ஆப்பிளையே கொண்டுபோய் நீட்டினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாகக் கடித்து, சாறு தாடியில் இறங்க, நடுக்கட்டை வரைக்கும் தின்று முடித்தார்.

"இன்னொண்ணு எடு."

"இது காய்ப்பா. பழுக்கட்டும், தாரேன்."

"எனக்குக் காய்தாம்ட்டி வேணும்."

நான் கொடுக்கவில்லை. அவர் தூங்கிப்போனார், நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிஷம் வீங்கும் என்று. அம்மா விறகோடு வந்தபோது விழித்துக்கொண்டு, "கஞ்சி இருந்தா உப்புப் போட்டு ஊத்து" என்றார். அம்மா ஊருக்குத் தெற்கே இருக்கும் அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பலித்துவிட்டது என்று அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் நடுக்கட்டையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆப்பிள்கள் குழிந்தன. அம்மா சந்தோஷமாக அறுத்து வைத்ததை அப்பா ஒரு துண்டு வாயில் போட்டு, "மாவுல்லா இருக்கு" என்று துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மீதியை நாங்கள் தின்றோம், முகம் வாடாத நாலைந்து ஆப்பிள் வழக்கம்போல ஊர்ச் சீக்காளிகளைப் பார்க்கப் போயின. அதற்குள் அப்பா எழுந்து நடமாடினார், புரட்டாசி விதைப்புக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கும் போனார்.

மாமா அடுத்த நடை வந்தபோது ஆப்பிளைக் கம்புக்குள் புதைத்த கதையைக் கேட்டு, சிரிப்பு தாங்காமல் லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணே, நீ வண்டி ஓட்டுத ஆளு. பழத்தைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

இப்போது கோவில்பட்டியில் தள்ளுவண்டியில்கூட ஏழெட்டு ரகம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் எல்லாவற்றையும் தின்று பார்த்துவிட்டேன். வாஷிங்டன் என்கிற ஆப்பிள் சாமி படத்துக்கு முன்னால் வைக்க லாயக்கு. அந்த மினுமினுப்பைப் பார்த்தாலே மெழுகோ என்னவோ என்று வெந்நீரில் மூன்று தடவை கழுவுகிறேன். கிரீன் ஆப்பிளைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நெல்லிக்காய் தின்று பழகாதவர்களாக இருக்க வேண்டும். காலா என்கிற ரகம் பரவாயில்லை, பிள்ளைகள் டிபன் டப்பாவுக்கு ஆகும், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மஞ்சள் கோல்டன் எனக்குப் பிடிக்கும், நாலு நாள் வெளியே வைத்தால் நமக்கு இணங்கி வந்துவிடும். எல்லாவற்றையும்விட கார்த்திகையில் வருகிற காஷ்மீர் டெலிசியஸ், அதுவும் ஒரு வாரம் கிடந்து மாவானதுதான் என் கணக்கில் ஆப்பிள். என் மகள் அதைக் குப்பைக்கு என்று எடுத்து வைப்பாள், நான் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வேன். ஃபூஜி எனக்கு ஆகவே ஆகாது. கல் மாதிரி கடினம், கடித்தால் தண்ணீர், ஈறு கூசுகிறது.

வாங்குவது ஃபூஜிதான். அப்பா என்னோடு அதே பழைய வீட்டில்தான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், பல் ஒன்றுகூட இல்லை, பல்செட் வேண்டாம் என்றுவிட்டார், காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆப்பிளைத் துருவிக் கிண்ணத்தில் கொடுத்தால் தொண்டையில் சிக்குமோ என்று நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் இரண்டு கரண்டி தின்றுவிட்டுத் தள்ளி வைப்பார். மாவு மாதிரி இருக்கிறது என்று இப்போது சொல்வதில்லை. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஒண்ணு கடி, கேப்போம்" என்பார். அவர் காதருகே குனிந்து, பிடிக்காத அந்த ஃபூஜியை நான் கடிப்பேன்.

அம்மாவும் மாமாவும் போய்விட்டார்கள். குலுக்கையை உடைத்து அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வைத்தாயிற்று. ஆப்பிள் இப்போது யார் வீட்டுக்கும் நலம் விசாரிக்கப் போவதில்லை, வந்த வீட்டிலேயே தின்றுவிடுகிறார்கள். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை.

நேற்றும் கடித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல காய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு" என்றார். ஆடாத பக்கமாக ஒதுக்கி, இன்னொரு கடி கடித்தேன்.