சிரிப்போடு முடிந்த பதில்கள்

"எம்.பி.ஏ. சேர லேடீஸுக்கு மட்டும் எதுக்கு அண்ணி தனியா கோச்சிங்?" என்று கொழுந்தன் கேட்டபோது, "சும்மாதான்" என்று சிரித்து மழுப்பிவிட்டுத்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்காருவாள். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். ஷிப்ட் முடிந்து நேராக வருவதால் காலில் கனமான சேஃப்டி ஷூ, நெற்றியில் தொப்பிப் பட்டை அழுத்திய தடம். மாதிரி நேர்காணலில் நன்றாகவே பேசுவாள். ஆனால் ஒவ்வொரு பதிலின் முடிவிலும் சிரித்துவிடுவாள். "பார்ட்ல டிஃபெக்ட் இருந்துச்சு சார், மேனேஜர் கத்தக் கத்த லைனை நிறுத்திட்டேன்" என்பாள். உடனே ஒரு சிரிப்பு. செய்ததெல்லாம் விளையாட்டுபோல ஆகிவிடும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "நல்லாத்தானே சொன்ன? நீயே ஏன் சிரிச்சு அழிக்கிற?"

"திமிருன்னு நெனைச்சிடுவாங்கக்கா."

வகுப்பில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு அது. அன்றிலிருந்து அவள் சிரித்தால் நாங்கள் மேசையைத் தட்டுவோம். அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். அதே ஷூ.

"சீட் கிடைச்சிடுச்சுக்கா, ஆனா போகல. அதைச் சொல்லி கம்பெனிலயே லைன் இன்சார்ஜ் போஸ்ட் கேட்டேன். குடுத்துட்டாங்க."

"அப்போ அந்த கிளாஸ் வேஸ்ட்டா?"

"என்னக்கா நீங்க! கேக்கும்போது நான் சிரிக்கவே இல்ல."

அவள் படிக்கப் போகவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான். ஆனால் தனி வகுப்பு எதற்கு என்று கொழுந்தன் இப்போது கேட்டால், "தேவை" என்கிறேன். சிரிப்பதில்லை.