வளைவில் கட்டிய கயிறு

அக்கா வீட்டுக் கிணற்றடியில் ஓர் இரும்புக் குழாய் வளைவு நிற்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போகும். இரண்டு கால்களையும் சீமெந்து போட்டு நிலத்தில் இறுக்கியிருக்கிறோம். அதிலிருந்து வேலியோரப் பூவரசுக்குக் கட்டிய கொடியில்தான் அக்கா உடுப்புக் காயப்போடுவாள். வளைவின் நடுவில் ஒரு கொக்கி. கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் ‘ஆள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள், உடுப்புக் கொடியில் ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். “மாமாவைக் கேளுங்கோ, அவர்தான் எழுதினவர்” என்பாள் அக்கா. நான் ஏதோ வேலை இருப்பதுபோல எழும்பிப் போய்விடுவேன்.

அந்த வளைவு முன்பு அத்தானின் வள்ளத்தில் நின்றது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அக்காவைக் கட்டியவர் என்னைத் தன்னோடு தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடலில் அதிகம் பேசத் தேவையில்லை. வலை இறக்கும்போது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், எனக்கு விளங்கிவிடும். நான் இடக்கையன். என் முடிச்சு மற்றவர்களின் முடிச்சுக்கு மறுபக்கம் திரும்பியிருக்கும். “இவன்ரை முடிச்சைக் கண்ணாடியிலை பாத்துத்தான் அவிழ்க்கவேணும்” என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

சண்டை நின்று சமாதானம் வந்து பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து சனம் ஊர் பார்க்க வரத் தொடங்கியது. ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் தீவின் சாட்டிக் கடற்கரை வான் வண்டிகளால் நிறைந்திருக்கும். அப்போது கனடாவிலிருந்து வந்த அத்தானின் ஒன்றுவிட்ட தமையன் நீளமான பலகை ஒன்றும் கைபிடி வைத்த கயிறும் கொண்டுவந்தார். பலகையில் கால்களை மாட்டிக்கொண்டு, ஓடுகிற படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் நின்று வருவது அவருடைய விளையாட்டு. வள்ளத்தின் பின்பக்கம், தாழ்வில் இருந்த வளையத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். கயிறு தண்ணீரில் அடித்து அவரை விழுத்திக்கொண்டே இருந்தது. உயரத்திலிருந்து இழுக்கவேண்டும் என்று அவர் கடதாசியில் கீறிக் காட்டினார். வேலணையில் ஒரு வெல்டிங் கடையில் குழாயை வளைத்துச் செய்வித்து வள்ளத்தில் பூட்டினோம். கரையில் நின்றவர்களுக்கு அது திருவிழாவுக்குக் கட்டுகிற வளைவு மாதிரி இருந்தது. “சம்மாட்டியார், சுவாமி எப்ப எழுந்தருளுவார்?” என்று ஒருவர் கேட்டார். “பெற்றோல் அடிச்சாப்பிறகு” என்றார் அத்தான். அன்றிலிருந்து அதற்கு வளைவு என்றே பெயர்.

கனடாக்காரர் திரும்பிப் போகும்போது பலகையையும் கயிற்றையும் அத்தானிடமே விட்டுப்போனார். வளைவை எப்படிப் பாவிக்கவேண்டும் என்றும் விபரமாகச் சொல்லிவிட்டுப் போனார். காலையில் வளைவின் ஒவ்வொரு முறுக்காணியையும் சாவி போட்டு முறுக்கிப் பார்க்கவேண்டும். வளைவில் ஒருவரும் ஏறக்கூடாது, சாயவும் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆள். கயிறு நேர் பின்னால் இருக்கவேண்டும், பக்கவாட்டில் இழுபட விடக்கூடாது. படகு ஓட்டுகிறவருக்கு முன்னால்தான் கண், ஆகையால் பின்னால் பார்க்க இன்னொருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கொக்கியில் மனிதரைத் தவிர வேறு எந்தப் பாரத்தையும் கட்டக்கூடாது. “கயிறு உயரத்திலை நிண்டால் பாரமும் உயரத்திலை நிக்குது எண்டு நினை, மச்சான். வள்ளம் தலைகீழாப் போயிடும்” என்று அத்தான் எனக்குச் சொன்னார். பிறகு பெயின்ற் வாளியைத் தந்து எழுதச் சொன்னார். படிப்பு இல்லாவிட்டாலும் என் எழுத்து உருண்டையாக இருக்கும். நான்தான் எழுதினேன். எழுத்துக் காயும்வரை அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

இரண்டு ஆடி மாதங்கள் அப்படிப் போயின. பின்னால் பார்க்கிற வேலை எனக்கு. பலகையில் நிற்கிறவர் விழுந்தால் நான் கையை உயர்த்துவேன், அத்தான் எஞ்சினைத் தணிப்பார். வருகிற பெடியள் பெரும்பாலும் சொல்வழி கேட்பார்கள். ஒருமுறை லண்டனிலிருந்து வந்த ஒருவர் வளைவில் ஏறத் தொடங்கி, மேலே இருந்து படம் எடுக்கட்டுமா என்று கேட்டார். “ஏலாது தம்பி. எழுதிக் கிடக்குதெல்லோ, வாசிக்கத் தெரியாதே?” என்றார் அத்தான். “மேலை இருக்கிறதும் ஆள்தானே, அண்ணை” என்றார் அந்தப் பெடியன். எல்லாரும் சிரித்தார்கள், அத்தானும் சிரித்தார். ஆனால் அந்தப் பெடியன் கீழே இறங்கி இருக்கும்வரை அத்தான் எஞ்சினைத் தொடவில்லை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கடல் குணம் மாறிவிடும். ஆகையால் பதினொரு மணியோடு விளையாட்டை நிறுத்திவிடுவோம். அன்றும் நிறுத்தி, வந்தவர்களைச் சாட்டியில் இறக்கிவிட்டு, நாங்கள் இருவரும் வள்ளத்தை எங்கள் கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். காற்று எழும்பியிருந்தது. தூரத்தில் ஒரு வள்ளத்திலிருந்து, உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து உயர்த்தி வீசினார்கள். எங்கள் கடலில் ஒருவன் சாரத்தை வீசினால் மற்றவன் போகத்தான் வேண்டும். பகையாளியாக இருந்தாலும் போவான். அத்தான் வள்ளத்தைத் திருப்பினார்.

எங்களுடையதைவிடப் பெரிய வள்ளம் அது. எஞ்சின் நின்றுபோயிருந்தது. நனைந்த வலை முழுவதும் உள்ளே கிடந்தது. ஊரில் எல்லாரும் மதிக்கிற ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் நின்றார்கள். பெரியவர் கயிற்றை எறிந்தார், நான் பிடித்தேன். தாழ்வில் இருந்த வளையத்தின் மேல் பலகையும் சாமான்களும் கிடந்தன. ஒரு நிமிடத்தில் விலக்கியிருக்கலாம். விலக்கக் குனிந்தேன். “கீழை போடாதை, கயிறு எஞ்சினிலை சுத்தும். மேலை அந்தக் கொக்கியிலை போடு” என்று பெரியவர் சத்தம் போட்டார். நான் நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தேன். என்னுடைய எழுத்து என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. “அதிலை வள்ளம் கட்ட ஏலாது, ஐயா” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் சொல்லவேண்டும். “என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்றார் அவர். எனக்கு வாய் வரவில்லை. கை கட்டியது.

அத்தான் வள்ளத்தின் தலையைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். “போட்டிட்டியே, மச்சான்?” என்று கேட்டார்.

“ஓம், அத்தான்” என்றேன்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. என்னிடம் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

சிறிது தூரம் நன்றாகவே வந்தோம். பிறகு ஒரு பெரிய அலை பின்னால் வந்த வள்ளத்தைத் தூக்கிப் பக்கத்தில் எறிந்தது. கயிறு பக்கவாட்டில் இறுகியது. வளைவு சாய்வதைத்தான் முதலில் கண்டேன், பிறகு எங்கள் வள்ளமே சாய்ந்தது. நான் தண்ணீருக்கு மேலே வந்தபோது வள்ளத்தின் அடிப்பக்கம் வெயிலில் மினுங்கியது. பெரியவரின் மருமகன் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தார். அத்தானைக் காணவில்லை. கவிழும்போது வளைவு அவருடைய தலையில் அடித்திருக்கிறது. நான் மூன்று தரம் தண்ணீருக்குள் சுழியோடினேன். மூன்றாவது தரம் என் கையில் அவருடைய சட்டை அகப்பட்டது. எங்களைக் கண்டு வந்த இன்னொரு வள்ளத்தில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை வள்ளத்தை இழுத்துவந்து கரையில் நிமிர்த்தி வைத்தார்கள். செத்த வீட்டுக்குள் இருந்த அக்கா, வள்ளத்தைப் பார்க்கவேண்டும் என்று அழுதாள். பெண்கள் சேர்ந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தபோதுதான் நான் போனேன். கொக்கியில் ஒரு முழத் துண்டுக் கயிறாவது என் முடிச்சோடு கிடக்கும் என்று பயந்துகொண்டு போனேன். கயிறு இல்லை. கடல் அவிழ்த்துவிட்டது என்று நினைத்தேன். அலை புரட்டியது என்று எழுதினார்கள். பெரியவர் வாய் திறக்கவில்லை. மேலே போடச் சொன்னது அவர்தானே. அத்தானைச் சேமக்காலையில் அடக்கம் செய்தபோது நான் அக்காவின் பக்கத்தில் நிற்கவில்லை, மதிலோரம் நின்றேன்.

அடுத்த சில வருடங்களில் மறுபடி சண்டை வந்தது. தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தோம். சண்டை ஓய்ந்து திரும்பி வந்தபோது வள்ளம் இல்லை, எஞ்சின் இல்லை, வீட்டில் கதவுகூட இல்லை. முன்பே வள்ளத்திலிருந்து கழற்றி வளவில் போட்டிருந்த வளைவு மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அக்காதான் அதைக் கிணற்றடியில் நட்டுத் தரச் சொன்னாள். இரும்பில் கறள் பிடிக்காமல் இருக்கப் பச்சைப் பெயின்ற் அடித்துக்கொண்டு கொக்கிக்குக் கிட்ட வந்தேன். அந்த எழுத்தையும் மூடிவிடலாம் என்று தூரிகையைத் தோய்த்தேன்.

“அதை மறைச்சுப்போடாதை, தம்பி” என்றாள் அக்கா. கிணற்றுக் கட்டில் இருந்தபடி உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை.

“அண்டைக்கு முடிச்சை நான்தான் அவிட்டனான்” என்றாள். “நனைஞ்சு இறுகிப்போய்க் கிடந்தது. நகம் பிய்ஞ்சுபோச்சு. கண்டவுடனை தெரியும், உன்ரை முடிச்செண்டு. கயிற்றுத் துண்டைச் சீலைக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்து அடுப்பிலை போட்டனான்.”

“அக்கா” என்றேன். தூரிகையை வாளிக்குள் வைத்தேன்.

“உன்னையும் குடுத்திட்டு நான் ஆரோடை இருக்கிறது?” என்றாள். பிழிந்த உடுப்பை உதறிக்கொண்டு, “ஆனால் அந்த எழுத்து இருக்கட்டும்” என்றாள்.

இன்று வரை அது பற்றி நாங்கள் வேறொன்றும் பேசவில்லை. வருடத்துக்கொருமுறை வளைவுக்குப் பெயின்ற் அடிக்கிறேன். எழுத்துக்களைச் சுற்றி மெதுவாக அடித்து, பிறகு சிவப்பால் அவற்றின் மேலேயே திரும்ப எழுதுகிறேன். போன கிழமை கொடி தளர்ந்து போயிற்று. அக்கா புதுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். கொக்கியில் போட்டு, இடக்கையால் முடிந்தேன். அவள் அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, நனைந்த உடுப்புக்களை ஒவ்வொன்றாகக் கொடியில் போடத் தொடங்கினாள்.