தெரிவித்தால் போதும்

"ரத்த உறவினர் குடியிருப்பில் தங்குவதாயின் எழுத்து மூலம் தெரிவித்தால் போதும்." ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஆணையின் பின்பக்கத்தில், சைக்ளோஸ்டைல் மையின் மண்ணெண்ணெய் வாடையோடு இருந்த எட்டாவது வரி இது. அப்பா அதைச் சரியாகப் படித்திருந்தால், என் அம்மாவும் அவளுடைய அக்காவும் ஒரே கூரையின் கீழ் ஓர் இரவாவது படுத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா, 1986இல் கணவரைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, தெரிவித்தாலே போதும் என்றிருந்த இடத்தில் அனுமதி கேட்டார். கேட்டுவிட்ட பிறகு, தேவையில்லை என்று எழுதும் துணிச்சல் எந்த மேசைக்கு உண்டு? யாழ்ப்பாணம் என்ற சொல்லைப் பார்த்ததும் கோப்பு டில்லிக்குப் போனது. அங்கேயோ, இலங்கை அரசையும் போராளிகளையும் பேச வைக்கும் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது.

பதில் வரும்வரை குவார்ட்டர்ஸுக்கு வெளியே, கிராமத்தில் ஒரு வாடகை அறை. "பகல் பாஸ்" வாங்கிக்கொண்டு பெரியம்மா வருவார். மாலை ஆறு மணிக்கு, பாஸ் நேரம் முடிந்ததென்று தொழிற்சாலைச் சங்கு ஊதியதும், அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைப் பாதியில் வைத்துவிட்டு எழுவார். அதற்குப் பிறகு அம்மா யாரோடும் பேச மாட்டாள். ரேடியோவில் மட்டும் பேச்சுவார்த்தை முன்னேறிக்கொண்டே இருந்தது. அப்பா சொல்லச் சொல்ல, பிளஸ் டூ படித்த நான்தான் டில்லிக்கு "நினைவூட்டு" கடிதங்கள் எழுதினேன், மொத்தம் பதினொன்று.

அறைக்காரம்மா ஒருநாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், உங்க டில்லி பக்கத்து நாட்டு சண்டைய தீக்குதாம், அக்கா தங்கச்சிய ஒரே ஊட்ல படுக்க வெக்க முடிலியா? பேசாம உள்ள இட்டுக்கினு போ நைனா!"

"கேட்டாச்சும்மா. இனிமே பதில் வராம செய்யக் கூடாது" என்றார் அப்பா.

பெரியம்மா சிரித்தார். "விடுங்கோ தம்பி. எனக்கு முன்னம் நாட்டுக்கு ஒரு முடிவு வந்திடும் போல கிடக்கு."

வந்தது. 87 ஆடியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதானம் என்று தாளில் இருந்தது. அதைக் காக்கப் போன நம் படையே அங்கே சண்டையில் இறங்கியிருந்தது. ஆனாலும் சங்குக்கு எழுந்து எழுந்து அலுத்துப்போன பெரியம்மா, மார்கழியில் அகதிகளைத் திருப்பி அனுப்பிய கப்பலில் ஏறிவிட்டார். பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

இதே போன்ற கோப்புகளை நானும் ஆயுள் முழுக்க எழுதி, விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், சங்கு ஊதுவதில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் டில்லியின் பதில் மட்டும் இருக்கிறது: "இப்பொருளில் அனுமதி தேவையில்லை; தெரிவித்தால் போதும்." ஓரத்தில், அம்மாவின் கையெழுத்தில், அது வந்த நாள்: 1988, பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை.